ரஹீம் பாய் வண்டியின் ஊளை

ஷெட்டில் இப்போது வேலைக்கு நிற்கும் உங்களில் பலர் அம்பாசிடர் காரை மாப்பிள்ளை அழைப்பில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். முன்னால் பேண்டு வாசிக்க, உடம்பெல்லாம் பூவோடு, மனிதர் நடக்கும் வேகத்தில் நகரும் வண்டி. அதன் வயிற்றை எப்படித் திறப்பது என்பதற்கு உங்கள் கைப்பேசியிலேயே வீடியோக்கள் இருக்கின்றன. எதைத் திறக்கக் கூடாது என்பதற்கு வீடியோ எதுவும் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஷெட்டை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்ந்த பிறகு, போன ஆடியில் நடந்தது இது. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. என் நினைவை நம்பாமல், நாள்காட்டியையும் சம்பந்தப்பட்ட இருவரையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே எழுத உட்கார்ந்தேன். ஒரு கிழமையில் மட்டும் எங்கள் மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதை விட்டுவிட்டேன்.

ஆடி பிறந்த முதல் வாரம் ஏழுமலையின் அம்பாசிடர் அவலூர்பேட்டைச் சாலையில் நின்றுபோனது. ஏழுமலை டாக்சி ஸ்டாண்டு டிரைவர். சாதாரணச் சவாரியெல்லாம் போனில் கூப்பிடும் வண்டிகளுக்குப் போய்விட்ட பிறகு, தன் வெள்ளை அம்பாசிடரைத் துடைத்து மினுக்கிக் கல்யாணங்களுக்கு ஓட்டிப் பிழைப்பவன். அவனுக்கு வேறு வண்டியும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

"டமால்னு ஒரு சத்தம் மேஸ்திரி. இன்ஜின் ஓடுது, கியரு வுழுது, வண்டி மட்டும் நகரல" என்று போனில் சொன்னான். அதற்கு மேல் கேட்கவே வேண்டியதில்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே பானை போல ஒன்று தொங்குமே, அதற்குள் கிரௌன் என்று ஒரு பெரிய பல்சக்கரமும் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்துச் சுற்றுகின்றன. இன்ஜினின் பலம் அந்தக் கடி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். திறந்து பார்த்தோம். கிரௌனில் பல் உதிர்ந்து எண்ணெய்க்குள் கிடந்தது.

ஆடியில் உடைந்தது அவன் அதிர்ஷ்டம். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவன் முன்பணம் வாங்கிவிட்டான். முதல் முகூர்த்தத்தில் வராத வண்டியை அந்த வருஷம் முழுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சென்னையில் பழைய உதிரி விற்கும் தெருக்களில் அலைந்துவிட்டுச் சாக்கு மூட்டையோடு வந்தான்.

"இது கிரௌனு, இது பினியனு. பூட்டிடு மேஸ்திரி."

"ரெண்டும் ஒரே வண்டியில கழட்டினதா?"

"வேற வேற கடை. இன்னா இப்போ? பல்லு பல்லுதானே?"

"உன் மேல்வரிசைப் பல்லையும் என் கீழ்வரிசைப் பல்லையும் ஒரே வாயில வெச்சா முறுக்கு திம்பியா?"

அவன் சிரிக்கவில்லை. நானும் முழுக்க வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டு சக்கரங்களும் பிறக்கும்போதே ஜோடி. பிறகு எத்தனை ஆயிரம் மைல் ஓடுகின்றனவோ அத்தனைக்கும் ஒன்றின் தேய்மானத்துக்கு மற்றொன்று இடம் கொடுத்துத் தேய்கிறது. ஜோடி மாற்றினால் முதல் நாள் ஓடும். ஊர்வலத்தின் நடுவில், மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது உடையும்.

ஜோடி பிரியாத ஒரே ஒரு கிரௌன் செஞ்சியில் இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியும். ரஹீம் பாயின் வண்டியில்.

ரஹீம் பாய் என் சிநேகிதர். அதே ஸ்டாண்டில் ஓட்டியவர். ஏழுமலையும் அவரும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி டீசல் அம்பாசிடர் வாங்கியவர்கள். பாய் மறைந்த பிறகு அவர் வண்டி வீட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. அந்த வண்டியை மறுபடி ஓட்ட முடியாது, அடித்தளத்தைத் துரு தின்றுவிட்டது. ஆனால் அதன் பின்பக்கம் நன்றாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை. எண்ணெய் மாற்றுவதில் பாய் என்னைவிட மோசமான பிடிவாதக்காரர்.

சிக்கல் இயந்திரத்தில் இல்லை. வெகுநாள் முன்பு ஓர் அமாவாசை மாலை, மேல்மலையனூர்க் கோயிலுக்குச் சவாரி. முறைப்படி அது பாயின் சவாரி. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்டாண்டில் வழக்கம், முறை உள்ளவர் வரும்வரை அடுத்தவர் பேச்சுக் கொடுத்துச் சவாரியை நிறுத்தி வைக்க வேண்டும். ஏழுமலை நிறுத்தி வைக்கவில்லை, ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வரிசையில் முன்னும் பின்னுமாக வண்டி நிறுத்திக்கொண்டு, முகம் பார்க்காமலே காலம் தள்ளினார்கள்.

"பாய் வூட்டுல எம்பேரச் சொல்லாத மேஸ்திரி" என்றான் ஏழுமலை. "மேல்சித்தாமூர் நயினாரு யாருக்கோ வோணும்னு சொல்லிடு. அவங்ககிட்டகூட இந்த வண்டி கெடக்குது இல்ல?"

ஆடிப் பெருக்கன்று காலை பாய் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி மும்தாஜ் டீ கொடுத்தாள். நான் இழுத்து இழுத்து விஷயத்துக்கு வருவதற்குள் அவளே கொட்டகைச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டாள்.

"எடுத்துக்கோங்கண்ணே. இங்க மண்ணாப் போறதுக்கு எங்கனா ஓடட்டும்."

யாருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. கவனியுங்கள், நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தால் போதும். ஏழுமலையின் முகூர்த்தம் பிழைக்கும், பாயின் வண்டிக்கு ஒரு பயன் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படி எல்லாக் கணக்கும் ஒரே பக்கம் சாயும்போதுதான் நம் தொழிலில் தப்பு நடக்கிறது. வண்டி நம்முடையது இல்லை. நட்டு நம்முடையது இல்லை. நம்முடையது ஸ்பானர் மட்டும்தான். அது யாருடைய சம்மதத்தின் மேல் திரும்புகிறது என்பது தெரியாமல் திருப்பக் கூடாது. தவிர, செஞ்சி எவ்வளவு பெரிய ஊர்? முதல் கல்யாணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"ஏழுமலைக்கும்மா" என்றேன்.

அவள் கை நீட்டினாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அவரு மௌத்தாயி எடுக்கறப்போகூட வராதவன். அவனுக்கா?"

"வண்டி இல்லன்னா அவனுக்குப் பொழப்பு இல்ல மும்தாஜ்."

"டீயக் குடிங்கண்ணே. ஆறுது."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஸ்டாண்டுக்குப் போய் ஏழுமலையிடம் சொன்னபோது என்னை ஸ்டாண்டே கேட்கும்படி திட்டினான். "ஒரு பொய்யி! ஒரே ஒரு பொய்யி சொல்ல வக்கில்ல, நீயெல்லாம் மெக்கானிக்கு!" வீட்டுக்கு வந்தேன். செய்தது சரிதானா என்று அன்று முழுதும் எனக்கும் நிச்சயமில்லை. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. சரியான முடிவு என்பது நிம்மதியான முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் காலை மும்தாஜிடமிருந்து போன்.

"தர்றேன்ணே. ஆனா அவனே வந்து கழட்டணும். எங்கண்ணு முன்னாடி. நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க, கை மட்டும் வெக்கக் கூடாது."

ஏழுமலைக்கு இது பொறுக்கவில்லை. "நான் டிரைவரு மேஸ்திரி. இன்னொருத்தன் வண்டிக்கடியில மல்லாந்து கெடக்கறதா? ஸ்டாண்டுல தெரிஞ்சா சிரிப்பானுங்க."

"ஆவணில வண்டி இல்லாம நின்னா மட்டும் அழுவானுங்களா?"

வந்தான். ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, தும்பைப்பூ வேட்டியில் வந்தவனைத் திருப்பி அனுப்பி, பழைய கால்சட்டை மாட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மும்தாஜ் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு டீ வந்தது. ஏழுமலைக்குச் சொம்பில் தண்ணீர் வந்தது.

"அவனுக்கு அது போதும்" என்றாள் என்னைப் பார்த்து, அவனுக்குக் கேட்கும்படி.

முதல் வேலையே தகராறு. ஜாக்கியை வழக்கமான இடத்தில் வைத்துத் தூக்கினான். அந்த இடம் அப்பளம் போல நொறுங்கி ஜாக்கி உள்ளே போனது. இன்னொரு பக்கம் வைக்கலாம், கல்லை அடுக்கிக்கொள்ளலாம் என்று பறந்தான். கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லைதான், கோட்டையையே கல்லால் கட்டிய ஊர். ஆனால் கல் சொல்லாமல் பிளக்கும். மரம் பிளக்கும் முன் முனகும். தடித்த மரக்கட்டைகள் வரும்வரை ஒருவரும் வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அரை நாள் போனது. அவன் பல்லைக் கடித்தான். வண்டிக்கடியில் செத்தவன் எவனும் நேரமில்லாமல் செத்ததில்லை, நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் செத்திருக்கிறான். இதை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கட்டைகள் வந்தன. நான் சொல்லச் சொல்ல, அச்சின் கீழே முட்டுக் கொடுத்து வண்டியை நிறுத்தினான். முதலில் எண்ணெய்த் துளையின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலில் வந்த எண்ணெயை வெயிலில் நீட்டி, கட்டைவிரலால் தேய்த்தான். மினுக்கு இருந்தால் உள்ளே பல் தேய்ந்து பொடியாகிறது என்று பொருள். மினுக்கு இல்லை. தேன் போல வழுவழுவென்று இறங்கியது.

"பாயி எண்ணெ மாத்துறதுல..." என்று ஆரம்பித்து, வாசலில் இருப்பவள் நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு, இன்னா நிறுத்திட்ட?" என்றாள் மும்தாஜ். "வூட்டுக்கு நல்லெண்ணெ வாங்க மறந்தாலும் வண்டி எண்ணெ மறக்கமாட்டாரு. அது எனக்குத் தெரியாதா?"

சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்சில் தண்டுகளையும் உருவி, நடுத் தண்டைப் பிரித்து, பானையைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு வந்தான். ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் மேல்பக்கம் துருவேறிய ஒரு நட்டு மட்டும் அசையவில்லை. நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டித் தொங்கினான். அசையவில்லை. அடியிலிருந்து வெளியே வந்து என் பையைத் துழாவிச் சம்மட்டியை எடுத்தான்.

"வை கீழ."

"ரெண்டு போடு போட்டா வந்துடும் மேஸ்திரி."

"நட்டு வரும். கூடவே பானையில கீறலும் வரும். அப்புறம் உனக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

"ஆவணி நாலு நாள்ல பொறக்குது!"

"பொறக்கட்டும். எண்ணெய ஊத்திட்டுச் சும்மா கெட."

துருவுக்கு ஊற்றும் எண்ணெயை அவன் கையாலேயே ஊற்றச் சொல்லி, ஊறட்டும் என்று விட்டேன். நம் வேலையில் மிகக் கஷ்டமானது, கையில் சம்மட்டியும் தலைக்கு மேல் கெடுவும் இருக்கும்போது சும்மா இருப்பது. ஏழுமலை மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கேதான் நிழல். கோட்டை மலையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மௌத்துக்கு வந்தேங்கா. தெருமுனை வரைக்கும் வந்தேன். உள்ள வர மூஞ்சி இல்ல. அங்கயே நின்னுட்டுப் போயிட்டேன்."

நின்றுகொண்டு, முகத்தைப் பார்த்து அவனால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். மும்தாஜ் முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டாள். எனக்குக் கொட்டகைக் கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"கீழ கெடந்துகினு இன்னா பேச்சு வேண்டிக்கெடக்குது?" என்றாள் கடைசியாக. "எறும்பு கடிக்கப் போவுது. வெளிய வா."

அன்று மாலை அவளே பேச்செடுத்தாள். பாயின் வண்டிக்கு ஓர் ஊளை உண்டு. நாற்பது வேகத்தில் வந்துகொண்டிருக்கும்போது வளைவுக்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒரு சத்தம் எழுந்து, வேகம் குறையக் குறைய அடங்கும். ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். "சாலை வளைவுல அது கேட்டுச்சின்னா இங்க நான் டீ போட்டுடுவேன்" என்றாள். "அவரு வண்டிய வுட்டுட்டுக் கை கால் கழுவிட்டு வரதுக்கும் டீ எறங்கறதுக்கும் சரியா இருக்கும். ஒருநாள்கூட 'டீ போடு'ன்னு அவரு கேட்டதில்ல."

மறுநாள் காலை ஸ்பானரை வைத்ததும் அந்த நட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பியது. ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டேன். சில இடங்களில் பாடம் சொல்வதைவிட டீ குடிப்பது நல்லது.

பானையை முழுசாக, உள்ளே எதையும் தொடாமல், ஒரு கம்பத்தில் கட்டி, எங்கள் இருவர் தோளிலும் தூக்கி ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். 'கை வைக்கக் கூடாது' என்றவள் 'தோள் கொடுக்கக் கூடாது' என்று சொல்லவில்லையே. அங்கே பூட்டுவதற்கு முன் ஏழுமலை புதுப் பிரச்சினையைக் கிளப்பினான்.

"பாய் வண்டி ஊளை வுடுமே மேஸ்திரி. இதத் தொறந்து, பல்லக் கொஞ்சம் நெருக்கி வெச்சா சத்தம் போயிடும்ல? மாப்பிள்ளை உக்காந்திருக்கற வண்டி நரி மாதிரி கூவுனா நல்லாவா இருக்கும்?"

"ஊர்வலத்துல நீ நாப்பதுல போவியா?"

"நடந்துதான் போவேன்."

"அப்போ கூவாது. கூவினாலும் பேண்டு செட்டுக்கு முன்னாடி எவன் காதுல வுழும்?"

"இருந்தாலும் ஒரு கொறைதானே? திண்டிவனத்துல ஒருத்தர் சரிபண்ணித் தர்றேன்றாரு."

அவர் திறமையானவர்தான், எனக்கும் தெரியும். அதனால்தான் பயம். திறமையுள்ள கைக்குச் சும்மா இருப்பது இன்னும் கஷ்டம். ஒரு சத்தம் நேற்று இல்லாமல் இன்று வந்தால் அது நோய். வருஷக்கணக்கில் ஏறாமல் குறையாமல் ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் அது அந்த ஜோடியின் குணம். பல் கடித்த இடத்திலேயே கடித்துத் தேய்ந்து, அந்தச் சத்தத்தோடு அவை ஒத்துப்போய்விட்டன. சத்தத்தை எடுக்கப் பல்லை நகர்த்தினால், தேயாத இடத்தில் புதிதாகக் கடி விழும். பிறகு ஓசையில்லாமல் ஓடி ஓசையோடு உடையும். நம் கோட்டையைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் எழுப்பிய மதிலின் மேல் அடுத்து வந்தவர் மதில் எழுப்பினார். உறுதியாக இருந்ததை உருவிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கலாம் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் இன்னும் நிற்கிறது.

"தொறந்தேன்னா நான் இதுல இல்ல" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. முனகிக்கொண்டே பூட்டினான்.

ஆவணி பிறந்து, முகூர்த்தத்துக்கு முந்தின நாள். முந்தின நாள் வரை இழுத்ததற்கு பிரேக் குழாய் காரணம், அது வேறு கதை. ஏழுமலை வண்டியை மேல்மலையனூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினான். கூட வரச் சொன்னான். நான் போகவில்லை. பாய் வீட்டில் என் சாமான்கள் கிடந்தன, அவற்றைப் பொறுக்கப் போனேன். வண்டியின் கூட்டை மறுநாள் இரும்புக் கடைக்காரர் எடுத்துப்போவதாக ஏற்பாடு. முன் சீட்டை மட்டும் மும்தாஜ் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் போட்டு அதில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்தச் சீட்டில் உட்காரத் தனக்கு இடம் கிடைத்தது, அவர் இருந்தவரை சவாரிக்காரனுக்குத்தான் கிடைத்தது என்று அவரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். மரக்கட்டைகளை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

வளைவில் அந்த ஊளை கேட்டது. நாற்பதிலிருந்து கால் எடுத்தால் எழும் அதே 'ஊம்'. மெல்ல இறங்கி அடங்கியது.

மும்தாஜ் பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே போனாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் வந்து நின்றாள். கையில் டீத்தூள் டப்பா. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"பாருங்கண்ணே, நான் பண்ற கூத்த."

ஏழுமலை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓடுதுக்கா. வெண்ணெ மாதிரி ஓடுது."

"காதுல வுழுந்துது. அங்க இன்னா நிக்கிற? போட்டது போட்டாச்சி, கொட்டவா முடியும்? கை கால் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தான். அவன் வந்து உட்காரவும் டீ இறங்கவும் சரியாக இருந்தது. மூன்று டம்ளர். ஏழுமலை சூடு பார்க்காமல் ஒரு வாய் குடித்தான், இரண்டாவது வாய் குடித்தான். நல்ல மனநிலைக்கு வந்துவிட்டான் போலும், பழைய ஏழுமலை எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் சரி மேஸ்திரி. அந்த ஊளை மட்டுந்தான். முகூர்த்தம் முடியட்டும், ஒரு நாள் மெதுவாத் தொறந்து..."

"கை வெச்சே," என்றாள் மும்தாஜ், "டம்ளரப் புடுங்கிடுவேன்."